மேல் வீட்டு மீட்டர்

ஜூன் 11, செவ்வாய்

சாரல் தொடங்கிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் மலை இருந்த இடத்தில் மலை இல்லை. தெருமுனை வரை வெள்ளையாக இறங்கியிருந்தது. பால்காரர் அதற்குள்ளிருந்து வந்தார். முதலில் மணிச் சத்தம், பிறகு சைக்கிள், அதற்கும் பிறகுதான் அவர்.

மின்கணக்கு எடுக்கும் பெண் வந்தாள். இதே வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்ற பிறகு இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்தவள். கீழ் வீட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு மேல் வீட்டு மீட்டரை அண்ணாந்து பார்த்தாள்.

"இது அசையவே இல்லயே சார். போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு."

"மேல ஆள் இல்லம்மா."

"புது வீடு மாதிரி இருக்கு. வாடகைக்கு விட்டிரலாம்லா?"

பார்க்கலாம் என்றேன்.

மதியம் மகள் சொன்ன இடத்துக்குப் போனேன். மலையடிவாரத்தில் ஒரு பழைய எஸ்டேட் பங்களா. 'இளைப்பாறல் இல்லம்' என்று பலகை. இனிக் குணமாக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டவர்களை இங்கே கொண்டுவருகிறார்கள். கடைசி வரை வலியில்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பொறுப்பு நர்ஸ் சிஸ்டர் பிரிசில்லா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதுக்கு சார் இங்க வாரிய?"

"வீட்ல பொழுது போகல."

"முதல்ல எல்லாரும் அதைத்தான் சொல்லுதாக" என்றவர், இஸ்திரிப் பெட்டி இருக்கும் அறையைக் காட்டினார்.

ஜூன் 14, வெள்ளி

சாரல் காலத்தில் துணி காய்வதில்லை. விரிப்புகளைப் பிழிந்து வராந்தா முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நடுவே நடந்தால் ஈரம் முகத்தில் தொட்டுத் தொட்டு விலகுகிறது. முக்கால் ஈரத்தில் எடுத்து, இஸ்திரி போட்டுத்தான் காயவைக்க வேண்டும். அதுதான் என் வேலை. நீராவி எழுந்து கண்ணாடியை மறைத்துவிடுகிறது. எதிரில் நிற்பது யார் என்றே தெரிவதில்லை.

இன்று நின்றது மைமூன். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். வாரம் இரண்டு நாள் வந்து நோயாளிகளுக்கு நகம் வெட்டி, தலை சீவிவிடுகிறார்.

"என்ன அண்ணாச்சி, விரிப்பத் தேய்க்கியளா, தாலாட்டுதியளா? இந்த வேகத்துல போனா நீங்க முடிக்கதுக்குள்ள சீசனே முடிஞ்சிரும்."

அவரே பெட்டியை வாங்கி ஒரு விரிப்பை ஓரம் மடித்துக் காட்டினார். ஓரத்தை முதலில் காயவைத்தால் நடு தானாகக் காயுமாம்.

ஜூன் 15, சனி

விரிப்புகள். சாரல்.

ஜூன் 18, செவ்வாய்

புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். பெயர் வைத்தியலிங்கம். மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தவர். ஈரலில் புற்று. வலது கைவிரல்களில் செம்புக் கம்பி அறுத்த கோடுகள் இன்னும் இருக்கின்றன. மனைவி உலகம்மாள் பீடி சுற்றுகிறார். பிள்ளைகள் இல்லை. கீழத்தெருவில் வாடகை வீடு.

எந்த வீடு என்று கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. "வாசல்ல மீட்டர். கதவத் தொறந்தா அதுக்குப் பின்னால மறைஞ்சிரும். கதவச் சாத்தச் சொல்லித்தான் ரீடிங் எடுக்கணும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்களா அது? ஒருதடவை எங்க வீட்ல காப்பி குடிச்சிருக்கிய."

"காப்பி இல்ல, பதநீர்."

சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

உலகம்மாள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் தன்பாட்டில் இலையைச் சுருட்டியது. அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சுற்றுவதாகவும், பீடிக்கடை தெரு மூலையிலேயே இருப்பதால் சாயந்திரம் கொண்டுபோய்க் கொடுக்கச் சிரமமில்லை என்றும் சொன்னார். அந்தத் தெருவைவிட்டால் தனக்கு வேறு ஒன்றும் தெரியாதாம்.

ஜூன் 25, செவ்வாய்

மைமூனிடம் கேட்டேன், ஏன் இங்கே வருகிறீர்கள் என்று.

"எங்க வீட்ல நான் வாயத் தொறந்தா ஆளுக்கு ஒரு பக்கம் வெட்டிப் பேசுவாக. இங்க ஒரு வார்த்தை குறுக்க வராதுல்லா" என்றார். பிறகு, வெட்டிய நகத்துணுக்குகளை ஒரு தாளில் கூட்டி மடித்தபடி, "எங்க அம்மாவுக்கு நகம் வெட்டவே விடமாட்டேன்னாக ஆஸ்பத்திரியில, கடைசியில. கையெல்லாம் ஊசி. நீளமாவே போச்சு" என்றார்.

வேன் ஓட்டும் ஞானதிரவியத்திடமும் கேட்டேன். டிராவல்ஸ் வைத்திருந்து மகன்களிடம் விட்டுவிட்டவர்.

"ஒருநாள் ஓட்ட ஆளில்லன்னாக, வந்தேன். திரும்பிப் போக மறந்துட்டேன் அண்ணாச்சி."

"நீங்க ஏன் வாரிய?" என்றார். வீட்டில் பொழுது போகவில்லை என்றேன். அவர் வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜூலை 2, செவ்வாய்

மகள் ஓசூரிலிருந்து பேசினாள்.

"மேல் போர்ஷனை யாருக்காவது குடுங்கப்பா. பூட்டியே வெச்சா வீடு வீணாப் போயிரும்."

"குடுக்கலாம்."

"ஒரு வருஷமா இதையே சொல்றீங்க. மலை தெரியணும்னுதானே அம்மா அதைக் கட்டச் சொன்னா. ஆஸ்பத்திரியில அத்தனை குழாயோட கிடந்தப்பவும் அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு. நீங்கதான், இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்னு டாக்டர் சொல்றாரு, ரெண்டு நாள் பார்ப்போம்னு…"

மழையில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. வைத்துவிட்டேன்.

இரவுக்குக் கோதுமை ரவை. கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

வைத்தியலிங்கத்துக்கு வலி மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். பகலிலும் கண் செருகியே இருக்கிறது. நான் விரிப்பு மாற்றும்போது விழித்தார். எங்கேயோ தூரத்திலிருந்து வந்தவரைப் போல என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எங்க தெருப் பக்கம் போனியளா?"

"நேத்து போனேன்."

"வீட்ல லைட் எரிஞ்சுதா?"

எரிந்தது என்றேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். சன்னல் வழியாக மேகம் அறைக்குள் வந்து கட்டில்களின் கால்களை மறைத்திருந்தது. படுத்திருக்கும் ஆறு பேரும் மிதப்பதுபோல் தெரிந்தார்கள். யாரும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

ஜூலை 12, வெள்ளி

இன்றும் அதே கேள்வி. மைமூனிடமும் கேட்டாராம். ஞானதிரவியத்திடம் வேனை நிறுத்தச் சொல்லிக் கேட்டாராம்: "வீட்ல லைட் எரியுதா?"

"வீட்டு நெனப்பு" என்றார் மைமூன். "வீட்டுக்குப் போகணும்னு வாய்விட்டுக் கேக்கக் கூச்சம். பாவம் மனுசன்."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஜூலை 16, செவ்வாய்

கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருக்கலாம், தினமும் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று சிஸ்டர் சொன்னார். வீட்டுக்காரரைக் கேட்க நானும் ஞானதிரவியமும் போனோம்.

கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, வைத்தியலிங்கம் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வந்து பாத்துட்டுப் போகட்டும் சார். ஆனா இங்க வெச்சு ஏதாவது ஆகிரக்கூடாது. வாடகைக்கு விடுத வீடு. சாவு விழுந்த வீடுன்னா அடுத்து யாரு வருவா? பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம் வேற. இந்த வாசலைத் தாண்டித்தான் மாப்பிள்ளை வீட்டாளுக வரணும்."

"அந்தம்மா?"

"அவுக இருக்கட்டும். அவரு அங்க இருக்கது வரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

ஞானதிரவியம் வேனில் ஏறியதும் ஸ்டியரிங்கைத் தட்டினார். "செத்தாத் தெருவுல வைக்கணுமாம். என்ன ஊரு அண்ணாச்சி இது" என்றார். எனக்கு இந்த ஊரில் தெரியாத வீடு கிடையாது. அவர் சொன்னது பாதி வீடுகளுக்குப் பொருந்தும்.

ஜூலை 19, வெள்ளி

மைமூன் கேட்டார்: "உங்க மேல் போர்ஷன் சும்மாதான கெடக்கு?"

ஒழுகும் என்று சொன்னேன்.

ஜூலை 20, சனி

மேலே போய்ப் பார்த்தேன். ஒழுகவில்லை.

கட்டிலில் கடைக்காரன் சுற்றிய பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. சன்னலைத் திறக்க வரவில்லை, மரம் ஊதியிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். மலை முழுக்க நின்றது. நடுவில் அருவி ஒரு வெள்ளைக் கோடு. இங்கிருந்து சத்தம் கேட்காது. என் மனைவி வடிவு கேட்கும் என்பாள்.

ஜூலை 23, செவ்வாய்

சிஸ்டரிடம் மேல் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். வைத்தியலிங்கத்தை அங்கே கொண்டுவரப்போவதாக உலகம்மாளிடம் சொன்னோம். அவர் இலையை வெட்டிக்கொண்டே, "நீங்க எல்லாரும் நல்லதுதான் செய்வியன்னு தெரியும். அவுகளுக்கு ஒத்துப்போனாச் சரி" என்றார். சந்தோஷப்பட்டார் என்று நினைத்துக்கொண்டோம்.

மைமூனுக்கு ஒரு யோசனை. "வெறும் ரூமுக்குக் கொண்டுபோனா அதுவும் இன்னொரு ஆஸ்பத்திரி மாதிரிதான இருக்கும்? அவரு வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து, அங்க இருக்க மாதிரியே வைப்போம். கண்ணு முழிச்சா வீட்ல இருக்கணும்."

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

ஜூலை 25, வியாழன்

காலையிலிருந்து சாமான் ஏற்றினோம். சுவர்க்கடிகாரம், சாமி படங்கள், தினசரிக் காலண்டர், நீலப்பூ போட்ட திரை, காயில் சுற்றும் கைமிஷின், பித்தளைக் குடம், அலமாரியில் இருந்த டம்ளர்கள் வரிசை மாறாமல். உலகம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பீடித் தட்டையும் அடுப்பையும் மட்டும் வைத்துக்கொண்டார்.

எது எங்கே இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. வீடுவீடாகப் போனவனுக்கு அது ஒரு பழக்கம். கடிகாரத்துக்கு ஆணி அடிக்கும்போது மைமூன் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்… அதுக்காகக் கேரளாவுக்கே போகாதிய" என்றார்.

மேலே பல்பு போட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

இதை வரிசையாக எழுதிவைக்க வேண்டும்.

மருந்தின் தூக்கத்திலேயே வைத்தியலிங்கத்தை வேனில் கொண்டுவந்தோம். ஞானதிரவியம் அவ்வளவு மெதுவாக ஓட்டியதை நான் பார்த்ததில்லை. முகப்பு விளக்கு வெளிச்சத்தில் சாரல் முன்னே போய்க்கொண்டே இருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கினோம். அவர் விழிக்கவில்லை. கட்டிலைச் சுற்றி நாங்கள் ஐந்து பேரும், பிறந்தநாளுக்குக் காத்திருப்பவர்களைப் போல, நின்றோம்.

காலை பதினொரு மணி சுமாருக்குக் கண்ணைத் திறந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அலமாரி, டம்ளர்கள், கைமிஷின். மைமூன் சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

"இன்னைக்கு என்ன மாசம்?" என்று கேட்டார்.

"ஆடி" என்றார் உலகம்மாள்.

"ஆடியிலயா?"

யாருக்கும் புரியவில்லை. அவர் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். "ஆடியில யாராவது வீடு மாத்துவாகளா? வீட்டுக்காரரு வெளிய போகச் சொல்லிட்டாரா? உலகு, ஏட்டி, உன்னப் போகச் சொல்லிட்டாரா?"

"இல்லங்க, இல்ல…"

"பொறகு சாமானெல்லாம் ஏன் இங்க கெடக்கு?"

மூச்சு வாங்கியது. சிஸ்டர் தலையணையை உயர்த்தினார். அவர் என்னைத்தான் பார்த்துப் பேசினார். "வலி தாங்காமலா அங்க வந்தேன் அண்ணாச்சி? நான் அந்த வீட்ல செத்தா, மறு மாசமே இவளக் காலி பண்ணச் சொல்லிருவாரு. பிள்ளையில்லாதவ, ஒத்தப் பொம்பளைக்கு யாரு வீடு குடுப்பா? பீடிக்கடை அங்க, தெரிஞ்ச சனம் அங்க. அதுக்குத்தான் கௌம்பி வந்தேன். லைட் எரியுதா, லைட் எரியுதான்னு உங்கள்ட்டத்தான தெனமும் கேட்டேன்."

மைமூன் சாமி படத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மைமூனுக்கு ஆடி என்றால் என்ன, ஞானதிரவியத்துக்கு என்ன, சிஸ்டருக்கு என்ன. ஆடியில் ஊரில் ஒரு வீட்டில்கூடக் குடித்தனம் மாறாது. ஆடிக் கணக்குக்குப் போனால் அதே கதவில் அதே முகம்தான். எனக்குத் தெரியாததா? அந்த வீட்டுக்காரர் 'அவரு அங்க இருக்கது வரைக்கும்' என்று சொன்னபோது நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தவன் நான்.

மதியமே எல்லாவற்றையும் திருப்பி ஏற்றினோம். கடிகாரம், திரை, டம்ளர்கள். உலகம்மாள் கூடவே வந்து, பழைய ஆணியில் கடிகாரத்தை மாட்டினார். வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். உலகம்மாள் சுவிட்சைப் போட்டார். நான் கதவைச் சாத்தி மீட்டரைப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது அறையில் கட்டிலும் சன்னலும் அவரும் நானும்தான் மிச்சம்.

"எரியுது" என்றேன். "மீட்டர் ஓடுது."

"ரீடிங் என்ன?"

சொன்னேன். கடைசி எண்ணைத் திருப்பிக் கேட்டார். அதையும் சொன்னேன். உடம்பு மெல்லத் தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் மலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணி விழுத சத்தம் கேக்குதே."

"இங்க கேக்காது."

"கேக்குது அண்ணாச்சி."

சாமானெல்லாம் போன சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. இல்லத்துக்குத் திரும்பக் கூட்டிப்போகச் சாயந்திரம் வேன் வரும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். வைத்தியலிங்கத்தின் காதில் அது விழுந்திருக்க வேண்டும்.

"நான் இங்கனயே இருந்துக்கிடட்டுமா?"

"இருங்க."

"இங்கன வெச்சு ஏதாவது ஆச்சுன்னா? நாளப்பின்ன வாடகைக்கு விடணும்லா நீங்க."

"இந்தக் கட்டில் அதுக்குத்தான் வாங்கினது" என்றேன்.

அவர் கட்டிலின் மரச்சட்டத்தை, கம்பிக் கோடு விழுந்த விரல்களால், ஒருதடவை தடவிப் பார்த்தார்.

ஜூலை 30, செவ்வாய்

காலையும் மாலையும் சிஸ்டர் வருகிறார். மைமூன் நகம் வெட்ட இங்கேயே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இன்றுதான் பேச்சு திரும்பியது. "எங்க கடையில அளவெடுக்காமத் துணிய வெட்டினா நானே கையில அடிப்பேன்" என்றார். வைத்தியலிங்கம், "சட்டை நல்லாத்தான் தைச்சிய தாயி. ஆள்தான் மாறிப்போச்சு" என்றார்.

உலகம்மாள் மதியம் வருகிறார். சாயந்திரம் பீடி கொடுக்கும் நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறார். லைட் போட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர், "யாரு, உங்களுக்குச் சொந்தமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

மகளிடம் சொன்னேன். மேலே ஒருவர் இருக்கிறார் என்று.

"வாடகைக்கா?"

"இல்ல. உடம்பு முடியாதவர்."

இன்றும் மழைதான். சிக்னல் இருந்தது.

"அந்தக் கட்டில்லயாப்பா?"

"ஆமா."

"சன்னலைத் திறந்து வெச்சிருக்கீங்களா?"

திறந்துதான் இருக்கிறது என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இருவரும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

மேகம் உள்ளே வந்து போகிறது. அவர் தூங்குகிறார். கைகள் காற்றில் கம்பி சுற்றுகின்றன, சீராக, ஒரே திசையில். விரிப்பு இன்று நடுவும் காய்ந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

விடிந்து கொஞ்ச நேரத்தில். உலகம்மாள் வந்திருந்தார். வலி இல்லை. நான் அவருடைய பாதத்தைப் பிடித்திருந்தேன். அருவிச் சத்தம் இங்கே கேட்கும்.

என் வாசலிலிருந்துதான் எடுத்தோம். வீட்டுக்காரர் மாலையோடு வந்தார். தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி வந்து கும்பிட்டார். போகும்போது உலகம்மாளிடம், "வீட்டுக்கு வாங்கக்கா. இருங்க, நீங்க பாட்டுக்கு இருங்க" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னாலும், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கீழத்தெரு வழியாக நடந்துபோனேன். எரிகிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இல்லத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார், வங்கியில் இருந்தவர். இஸ்திரி அறையில் அவருக்கு ஓரத்தை முதலில் காயவைக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

"நீங்க எதுக்கு சார் இங்க வரீங்க?" என்று கேட்டார்.

வழக்கமான பதில் வாயில் வரவில்லை. நீராவி கண்ணாடியை மறைத்திருந்தது. துடைத்துக்கொண்டேன். "என் மனைவி கேட்டது ஒண்ணு செய்யாமப் போச்சு. இங்க வந்தா யாராவது மறுபடி கேக்காக" என்றேன். அவருக்குப் புரிந்ததா, தெரியாது. தலையாட்டினார். விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் மின்கணக்கு எடுக்கும் பெண் நின்றிருந்தாள்.

"சார், மேல் மீட்டர் ஏறியிருக்கே. ஆள் வந்துட்டாகளா?"

"வந்திருந்தாரு."

"காலி பண்ணிட்டாகளா? ஆடியிலயா?"

"அவரும் இதைத்தாம்மா கேட்டாரு."

அவள் குறித்துக்கொண்டு போனாள். இருட்டும்போது மேலே போய் விரிப்பை மாற்றினேன். இன்றைக்கு இங்கே படுக்கலாம் என்றிருக்கிறேன். பாய் கொண்டுவரவில்லை, கட்டிலில்தான். சன்னல் திறந்திருக்கிறது. தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று லைட்டை அணைக்கவில்லை.